மணலில் வைத்த பொம்மை லாரி, படத்தில் ஏன் பொம்மையாகவே தெரிகிறது?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து எழுதும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மகனுடைய பொம்மை டிப்பர் லாரி, மினி பஸ், ஆட்டோ ஆகியவற்றைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், மணலில் புதைந்த லாரியை ஆட்டோ கயிறு கட்டி இழுப்பது போன்ற வேடிக்கைக் காட்சிகளை அமைத்துச் செல்போனில் எடுக்கிறீர்கள், நேரில் பார்க்கும்போது வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது, படத்தைப் பார்த்தால் வருவதில்லை, ஆகவே பெரிய கேமராவும், மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸும் வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கேமராவைப் பற்றிய கேள்வி போல இது தோன்றினாலும், உங்கள் குறை உண்மையில் அளவைப் பற்றியது: நீங்கள் எடுக்கும் லாரி பார்ப்பவர் கண்ணுக்கு லாரியின் அளவில் தெரியவில்லை, உள்ளங்கையளவு பிளாஸ்டிக்காகத் தெரிகிறது. கடைகளுக்கும் விற்பனைப் பட்டியல்களுக்கும் பொருட்களைப் படமெடுத்துக் கொடுப்பது என் தொழில். பொம்மை வண்டிகளை இந்தக் கரையில் எடுப்பது நெடுநாள் பழக்கம். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன், இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம்.

முதலில் அடிவானத்தைப் பாருங்கள். கடற்கரையில் எடுக்கும் படத்தில் கடலும் வானமும் சேரும் கோடு எப்போதும் லென்ஸ் இருக்கும் உயரத்திலேயே விழும். இது வடிவக்கணக்கு, இதில் விதிவிலக்கு கிடையாது. சாலையோரம் நிற்கும் ஒருவர் உண்மையான காரைப் படமெடுத்தால், அவர் கண் ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அடிவானம் காரின் கூரைக்குச் சற்று மேலேயும், பஸ்ஸாக இருந்தால் அதன் சன்னல் வரிசையின் அருகிலும் குறுக்கே ஓடும். நம் கண் வாழ்நாள் முழுவதும் வண்டிகளை அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறது. இப்போது நிஜ வண்டியின் 64-இல் 1 பங்கு அளவுள்ள பொம்மைக்கு அதே கணக்கைப் போட்டால், 1.6 மீட்டர் என்பது 2.5 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. அதாவது உங்கள் லென்ஸ் மணலிலிருந்து இரண்டு விரற்கடைக்கு மேல் இருக்கக் கூடாது. நீங்கள் குந்தி உட்கார்ந்து எடுக்கும்போது லென்ஸ் அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது உண்மையான லாரியை 32 மீட்டர் உயரத்திலிருந்து, பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து, எடுப்பதற்குச் சமம். அடிவானம் பொம்மைக்கு எங்கோ மேலே போய்விடுகிறது, அல்லது படத்திலேயே இருப்பதில்லை. கடலில்லாத ஊர்களில் மரமும் வீடும் அடிவானத்தை மறைத்துவிடுவதால் இந்தப் பிழை ஓரளவு தப்பிவிடும். நம் கரையில் கோடு போட்டதுபோல் கடல் தெரிவதால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

செல்போனில் லென்ஸ் மேல் மூலையில் இருக்கிறது. போனைத் தலைகீழாகத் திருப்பினால் அந்த மூலை மணலைத் தொடும் உயரத்துக்கு வந்துவிடும். படத்தைப் பின்னர் நிமிர்த்திக்கொள்ளலாம், பல போன்கள் தாமே நிமிர்த்திவிடும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, முழங்காலுக்கும் நல்லது. ஒரு முக்காலியின் மேலோ மதில் கட்டையின் மேலோ ஒரு பலகையை வைத்து, அதன்மேல் மணலைப் பரப்பி, அங்கே காட்சியை அமையுங்கள். அடிவானம் வெகுதொலைவில் இருப்பதால், பலகை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அது லென்ஸின் மட்டத்திலேயே வந்து நிற்கும். பலகையின் கடல் பக்கத்து விளிம்பு, அதற்கு அப்பாலுள்ள அருகாமைத் தரையை மறைத்துவிடும்: ஒரு மீட்டர் உயரப் பலகை, லென்ஸுக்கு முன்னால் 60 சென்டிமீட்டர் நீளம், லென்ஸ் பலகையிலிருந்து 2.5 சென்டிமீட்டர் மேலே என்று வைத்தால், ஏறக்குறைய 25 மீட்டர் வரையுள்ள தரை முழுதும் கண்ணுக்கு மறைந்து, பலகை மணலுக்கு அடுத்து நேராகத் தொலைவுக் கடல் தொடங்குகிறது. பாம்பன் கரையில் 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியைப் பின்னணியாக வைத்துப் பொம்மை பஸ்ஸை நிறுத்த விரும்பினால் இந்த முறை ஒன்றுதான் கைகொடுக்கும். வெறும் மணலில் லென்ஸைத் தாழ்த்தினால் முன்னால் இருக்கும் சிறு மணல்மேடே பாலத்தின் பாதியை விழுங்கிவிடும். பலகையைக் கரையில் வையுங்கள். சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது தெளிவு. மிக அருகிலிருந்து எடுத்தால் ஒரு மெல்லிய அடுக்கு மட்டுமே தெளிவாக விழும், முன்னும் பின்னும் கலங்கிவிடும். அப்படிக் கலங்கிய படத்தைக் கண்டதுமே மனம் ‘இது சின்னப் பொருள்’ என்று முடிவு செய்துவிடுகிறது. உண்மையான ஊரின் படத்தில் மேலும் கீழும் கலக்கலைச் சேர்த்து ஊரையே பொம்மையாக்கிக் காட்டும் வித்தையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நமக்குத் தேவை அதன் எதிர்த்திசை. ஆகவே போனில் உள்ள போர்ட்ரெய்ட் வசதியை அணைத்துவிடுங்கள். ‘பின்னணி கலங்கினால்தான் தொழில்முறைப் படம்’ என்ற எண்ணம் கல்யாண ஆல்பத்துக்குப் பொருந்தலாம், இங்கே அது விஷம். உள்ளே இருக்கும் சென்சார் சிறியதாக இருப்பதால் செல்போனில் இயல்பாகவே தெளிவு ஆழமாக விழுகிறது. அந்த வகையில் நீங்கள் வாங்க நினைக்கும் பெரிய கேமராவைவிட உங்கள் கையில் இருப்பதே இந்த வேலைக்கு வசதியானது. பொம்மையை முட்டிக்கொண்டு எடுக்காமல் ஒரு சாண் பின்வாங்கி எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொண்டால் தெளிவு இன்னும் கூடும். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸின் ஒளித்துளையை எஃப் 11 அல்லது 16 என்ற அளவு வரை சுருக்கி, போதாதென்றால் குவியத்தைச் சற்றுச் சற்றாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கிறார்கள். காற்றில் எதுவும் அசையாத இடத்தில்தான் அது பலிக்கும். எந்தத் தொலைவு வரை நெருங்கலாம் என்பது போனுக்குப் போன் மாறுவதால் என்னால் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. வீட்டுத் தரையில் லாரியை வைத்து, அதன் நம்பர் பிளேட் எழுத்து கலங்கத் தொடங்கும் இடம் வரை நெருங்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆட்டோவும் லாரியும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவையா என்பதையும் பார்க்க வேண்டும். படத்தில் ஆட்டோ லாரியின் கதவளவு உயரம்கூட இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பு வராததற்கு அதுவும் ஒரு காரணம். திருவிழாக் கடைப் பொம்மைகளுக்கு அளவுவிகிதம் என்று எதுவும் கிடையாது. 1968-இல் வந்த ஹாட் வீல்ஸ் போன்ற சிறிய உலோகக் கார்கள்கூடப் பொதுவாக 64-இல் 1 என்று சொல்லப்பட்டாலும், எல்லாம் ஒரே அட்டையில் அடங்க வேண்டும் என்பதற்காகப் பஸ்ஸும் லாரியும் அதில் மிகவும் சுருக்கப்பட்டிருக்கும். சென்டி டாய்ஸ் போன்ற நம் நாட்டுப் பொம்மைகளில் ஆட்டோ, அம்பாசிடர், அரசுப் பேருந்து எல்லாம் நம் தெருவில் ஓடுவது போலவே இருப்பதால் எனக்குப் பிடிக்கும், ஆனால் அவற்றையும் அளந்து பார்த்தே சேர்க்க வேண்டும். அளப்பது எளிது: உண்மையான ஆட்டோவின் நீளம் சுமார் 2.6 மீட்டர், ஆகவே பொம்மை 13 சென்டிமீட்டர் இருந்தால் அது 20-இல் 1 பங்கு. லாரியின் டயர் விட்டம் சுமார் ஒரு மீட்டர், ஆகவே பொம்மையின் டயர் இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் 50-இல் 1 பங்கு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எந்த லென்ஸாலும் காப்பாற்ற முடியாது. சிறியதாக உள்ளதை லென்ஸுக்கு அருகிலும் பெரியதைச் சற்றுத் தொலைவிலும் வைத்து ஈடுகட்டலாம். ஆனால் உங்கள் காட்சியில் இரண்டையும் கயிறு இணைப்பதால் அந்த உபாயம் உதவாது. அளவு பொருந்தும் வேறொரு ஆட்டோவைத் தேடுங்கள். கயிற்றுக்குச் சாதாரணத் தையல் நூல் போதும், 0.3 மில்லிமீட்டர் நூல் 64 மடங்கானால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தடிமன், நிஜ லாரிக்குக் கட்டும் கயிறேதான்.

மணலும் அதே கணக்குக்கு உட்பட்டது. அலை தொடும் இடத்துக் கரடுமுரடான மணலில் ஒரு மில்லிமீட்டர் பருக்கை, 64 மடங்கில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல், அதாவது சாலைக்குக் கொட்டும் ஜல்லியளவு தெரியும். லாரி ஜல்லிக்கிடங்கில் நிற்பதாகக் காட்சி என்றால் சரி. பாலைவனம் என்றால் தவறு. காற்று கொண்டுவந்து குவித்த மேட்டு மணல் மென்மையாக இருக்கும்; தனுஷ்கோடிப் பக்கத்தில் அது தாராளமாகக் கிடக்கிறது. அதையும் தேநீர் வடிகட்டியில் சலித்து வண்டியைச் சுற்றி ஒரு கைப்பிடி தூவினால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். டயர்த் தடம் நிற்க வேண்டுமானால் சலிப்பதற்கு முன் அடிமணலில் தண்ணீர் தெளித்து இறுக்குங்கள். வண்டியைத் தூக்கி வைக்காதீர்கள், ஒரு முழம் பின்னாலிருந்து உருட்டிக்கொண்டு வாருங்கள். பின்னால் தடம் இல்லாத வண்டி வானத்திலிருந்து இறங்கியதாகத்தான் தெரியும். பெரும்பாலான பொம்மைகளின் முன்சக்கரம் திரும்பாது என்பதால், வளைந்த தடத்தில் வண்டியை நிறுத்தினால் கூர்ந்து பார்ப்பவர் பிடித்துவிடுவார். மரம் வேண்டுமென்றால் நம் மாவட்டத்துக்குப் பஞ்சமே இல்லை: சீமைக்கருவேலக் கொப்பின் நுனி, அந்தப் பொடி இலைகளுடன், சாலையோர மரமாக அப்படியே பொருந்துகிறது. வாலிநோக்கம் பக்கத்து உப்பளக் குவியல்களைப் பனிமலையாக்கப் பலர் ஆசைப்படுகிறார்கள். உப்புப் பரல் இரண்டு மில்லிமீட்டர் என்றாலும் 13 சென்டிமீட்டர் கட்டியாகத் தெரிவதால் அது பனியாகாது, உடைந்த ஐஸ்கட்டியாகும். அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஐஸ் லாரி கவிழ்ந்ததாகக் காட்சி அமைத்தால் பொருந்தும்.

வெளிச்சத்துக்குச் சூரியனை விடச் சிறந்தது எதுவும் இல்லை. காரணம், விளக்கை அருகில் வைத்தால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்குமே ஒளி குறைந்து கூடும். சூரியன் எவ்வளவோ தொலைவில் இருப்பதால் பொம்மைக்கும் நிஜ லாரிக்கும் ஒரே விதமான நிழலைத் தருகிறது. காலை எட்டு மணிக்குள், மாலை நான்கரைக்குப் பின் நிழல் நீளமாக விழும். நம் கரை ஒன்பது பாகை வட அட்சத்தை ஒட்டி இருப்பதால், சித்திரை பிறக்கும் வாக்கிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. அப்போது நிழல் முழுதும் வண்டிக்கு அடியில் ஒளிந்துகொண்டு, பக்கங்கள் கறுத்து, கூரை மட்டும் வெளுத்துப்போகும். வெள்ளை மணலைக் கண்டதும் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும் என்பதால் வெளிச்ச அளவை ஒரு படி ஏற்றிவையுங்கள்.

இடத்தைக் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்னும் மேல்காற்று வீசும் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம், நம்மவர் ஆண்கடல் என்று சொல்லும் பக்கம், மணலை வாரி முகத்தில் அடிக்கும். அப்போது பாக் நீரிணைப் பக்கத்துப் பெண்கடலில், அரியமான் போன்ற கரைகளில், காற்றுக்கு முதுகு காட்டி வேலை செய்ய முடிகிறது. வாடை தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். அரிச்சல்முனைக்கு 2017-இல் சாலை திறந்த பிறகு அங்கே எப்போதும் கூட்டம். காட்சி அமைக்க அமைதி வேண்டுமென்றால் விடியற்காலை தவிர வேறு நேரம் தோதுப்படாது.

இனி வேடிக்கை. இதில் விதி என்று எதுவும் கிடையாது, என் ரசனையைத்தான் சொல்கிறேன்: ஒரு படத்தில் ஒரு பொய் போதும், மற்றதெல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும். நான் மிகவும் விரும்பும் காட்சி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சின்ன லாரியின் தளத்தில் ஒரே ஒரு நெத்திலிக் கருவாடு. தலை கேபினுக்கு மேல் ஏறி நிற்கிறது, வால் பின்பக்கம் வெளியே நீண்டு, வால் நுனியில் ஒரு சிவப்புத் துணித்துண்டு, நிஜ லாரியில் நீளமான கம்பி ஏற்றினால் கட்டுவார்களே, அதுபோல. குறுக்கே மூன்று இடத்தில் நூல் முடிச்சு. பின்னால் இரண்டு கார்கள் முந்த முடியாமல் காத்திருக்கின்றன. பார்ப்பவர் முதலில் சாலையைத்தான் பார்க்கிறார், பாரத்தைப் பிறகுதான் கவனிக்கிறார். சிரிப்பு அந்த இடைவெளியில் இருக்கிறது. இதே படத்தில் லாரி மேல் ஒரு பூனைப் பொம்மையையும் ஏற்றியிருந்தால் எல்லாம் கெட்டுவிடும். உங்கள் ஆட்டோ காட்சியிலும் பொய் ஏற்கெனவே இருக்கிறது, ஆட்டோ டிப்பரை இழுப்பது. ஆகவே கயிறு தொய்யாமல் விறைப்பாக இருக்கட்டும், ஆட்டோவின் பின்சக்கரம் மணலில் பறித்த பள்ளம் தெரியட்டும், முன்சக்கரம் தரையிலிருந்து அரை விரற்கடை தூக்கி நிற்கட்டும். தூக்கி நிறுத்த அடியில் ஒரு கல் போதும். வண்டியையே அந்தரத்தில் காட்ட வேண்டுமானால் மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் மிக மெல்லிய தங்கூசியில், அதாவது தூண்டில் நைலான் இழையில், தொங்கவிடலாம். நுங்கு வண்டி ஒன்றைச் செய்து, அதை ரோடு ரோலராகப் பொம்மை பஸ்ஸுக்கு எதிரே உருட்டுவதும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும் வேடிக்கை. தூசி கிளப்ப முகப்பவுடரைச் சக்கரத்தின் பின்னால் வைத்துக் குளிர்பானக் குழாயால் ஊதலாம். வெயிலுக்கு எதிர்முகமாக எடுத்தால்தான் தூசி தெரியும்.

வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் காட்சியை மட்டும் எச்சரிக்கையோடு அணுகுங்கள். தண்ணீரைச் சுருக்க முடியாது. மூன்று மில்லிமீட்டர் துளி 64 மடங்கில் 19 சென்டிமீட்டர் உருண்டையாகத் தெரியும்; எந்த நிஜப் பஸ்ஸும் தேங்காயளவு துளிகளைத் தெறிப்பதில்லை. வேகமான ஷட்டரில் துளிகளை உறையவைப்பதற்குப் பதில் 60-இல் ஒரு நொடி அளவில் எடுத்தால் அவை கீற்றுகளாகிச் சற்றுத் தப்பும். வீட்டில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி எடுப்பதானால் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு சேர்ப்பார்கள்; நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து துளி சிறுக்கும் என்பது உண்மை, ஆனால் பலன் ஓரளவுதான், நுரை வந்தால் அதுவே தொல்லை.

நிழற்படத்தை விட்டு வீடியோ எடுப்பதானால் ஒரு கணக்கு மிக அழகாகப் பொருந்துகிறது. பொருள் கீழே விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 சென்டிமீட்டர் மேட்டிலிருந்து பொம்மைக் கார் விழ 0.14 நொடி, அதன் நிஜ அளவான 6.4 மீட்டரிலிருந்து நிஜக் கார் விழ 1.14 நொடி, அதாவது எட்டு மடங்கு. 64-இன் வர்க்கமூலம் 8 என்பதால், போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் எடுத்து நொடிக்கு 30 என்று ஓட்டினால் பொம்மைக்கு நிஜக் காரின் கனம் வந்துவிடுகிறது. 16-இல் 1 பங்குள்ள பெரிய பொம்மைக்கு நான்கு மடங்கு, 120 படம் போதும். சினிமாவில் மினியேச்சர் எடுப்பவர்கள் பல காலமாகப் பின்பற்றும் கணக்கு இது.

பின்னணி அலங்காரத்துக்குக் கரையில் கிடைப்பதையெல்லாம் எடுக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றி அவற்றில் இறங்கக் கூடாது. பவளப்பாறைத் துண்டு, செத்ததாகவே இருந்தாலும், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் வழக்காகும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலத்தில் மேட்டு மணலைத் தோண்டாதீர்கள். சங்குக்குள் குடியிருக்கும் நண்டு சாலையைக் கடக்க, பஸ் காத்திருக்கும் காட்சியை எடுக்கலாம், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் நண்டு தானாக வரும் வரை பொறுத்திருங்கள், பிடித்து வைத்தால் அது ஓட்டுக்குள் போய்விடும், படமும் போய்விடும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் அந்தத் திசையில் போனை நீட்ட வேண்டாம்.

கடைசியாக, உப்புக்காற்று பொம்மைக்கும் ஆகாது, போனுக்கும் ஆகாது. லென்ஸ் மேல் படியும் உப்புப் படலம் படத்தைச் சாம்பல் பூத்தாற்போல் ஆக்கும். எடுக்கத் தொடங்கும் முன்னும் நடுவிலும் மெல்லிய துணியைச் சற்று நனைத்துத் துடையுங்கள், உலர்ந்த துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். சிறிய உலோகக் கார்களின் உடல் துத்தநாகக் கலவை, அச்சு பெரும்பாலும் இரும்புக் கம்பி; வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் முக்கிச் சக்கரத்தைச் சுழற்றி மணலை வெளியேற்றி, கவிழ்த்து வைத்து நிழலில் உலர்த்தி, அச்சில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடினால் அடுத்த முறை எடுக்கும்போது சக்கரம் சுற்றாது.